ஏப்ரலில் எழுதப்படும் அவசரத் தீர்ப்பு

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெரியப்பா மகனிடம் பேச ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் அவர். பட்டம் பெற்றுச் சிங்கப்பூர் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், அந்தப் பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் முடிந்தவுடன் அண்ணனின் கைப்பேசி ஓயாது. அங்கே சனிக்கிழமை பிற்பகல், இங்கே நள்ளிரவைத் தாண்டிய நேரம். தூக்கத்தைத் தொலைத்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நான் பல் துலக்குவதற்கு முன்பே தீர்ப்பை அனுப்பிவிடுவார். "இந்தப் பையன் தேறமாட்டான்." அல்லது, "எழுதி வைத்துக்கொள், இவன்தான் அடுத்த நட்சத்திரம்."

அந்தப் பையனுக்கு வயது 19 அல்லது 20 இருக்கும். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அதே வயதுதான்.

அண்ணனைப் போன்ற ரசிகர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதில் எனக்குக் குறையில்லை. சொல்லப்போனால், அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால், எதைப் பார்த்துவிட்டு எதை முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் என் வாக்குவாதம்.

அமெரிக்கக் காற்பந்தைப் பார்த்திராதவர்களுக்குச் சிறு விளக்கம். பந்தை உதைப்பது அந்த ஆட்டத்தில் மிகக் குறைவு. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு தூரம் முன்னேறவேண்டும். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து ஒருவரின் கைக்கு வருகிறது. அவர்தான் குவார்ட்டர்பேக். எதிரணியின் முரட்டு ஆட்டக்காரர்கள் தம்மை நோக்கி ஓடிவர, ஏறக்குறைய மூன்று விநாடிகளுக்குள் யாருக்கு எறிவது, ஓடுவதா, பந்தை வெளியே வீசிவிடுவதா என்று அவர் முடிவெடுக்கவேண்டும். கிரிக்கெட் அணித்தலைவர், தொடக்கப் பந்தடிப்பாளர் இருவரின் பாரத்தையும் ஒருவரே சுமப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறைக் குழுக்களுக்குச் செல்ல வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளியை முடித்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே, ஏறத்தாழ எல்லாரும் பல்கலைக்கழகக் குழுக்களின் வழியாகத்தான் மேலே போகிறார்கள். பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜனவரியில் முடியும். நடுவில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் குழுக்களுக்கு 15 பயிற்சி நாள்கள் அனுமதிக்கப்படுகின்றன. கடைசி நாளில் குழு தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு பொதுமக்கள் முன்னிலையில் ஆடுவது வழக்கம். வெற்றி தோல்விக்கு எந்த மதிப்பும் இல்லாத அந்த ஆட்டத்தைக் காண 2016ல் ஒஹாயோ மாநில அரங்கில் கூடியவர்கள் 100,189 பேர். நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள்தான். பயிற்சியைப் பார்க்க அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குக் கூட்டம்!

இனி, அந்த ஆட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். பல குழுக்களில் குவார்ட்டர்பேக் மட்டும் வேறு நிறச் சட்டை அணிந்திருப்பார். அவரை இடித்துத் தள்ளக்கூடாது, தொட்டாலே விசில் ஊதிவிடுவார்கள். காயம் பட்டால் இலையுதிர்காலம் பாழாகிவிடும் என்ற பயம். அதனால், அந்தப் பொறுப்பில் இருப்பவரின் மிகப் பெரிய சோதனையே, அதாவது அடி விழப்போகிறது என்று தெரிந்தும் நிமிர்ந்து நின்று எறியும் துணிவு, அன்று சோதிக்கப்படுவதில்லை. தற்காப்பு வீரர்களும் தங்கள் உத்திகளை வெளிப்படுத்தமாட்டார்கள். தொலைக்காட்சியில் எதிரணிப் பயிற்றுவிப்பாளர்களும் பார்ப்பார்கள் அல்லவா? முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் இலேசான வலியைச் சொல்லி உட்காரவைக்கப்படுவார்கள். நம் பள்ளிகளின் பிரிலிம் தேர்வாவது உண்மைத் தேர்வைவிடக் கடினமாக இருக்கும் என்பார்கள். இது நேர்மாறு. பாதிப் பாடத்திட்டத்திற்கு வைக்கும் தேர்வு, அதுவும் கண்காணிப்பாளர் அன்பானவர்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இரு பக்கமும் நம் குழுவே. குவார்ட்டர்பேக் 60 யார்டு தூரம் எறிந்து புள்ளி எடுத்தால் ரசிகர் மகிழ்வதா, நம் தற்காப்பு இவ்வளவு ஓட்டையா என்று கவலைப்படுவதா? அவர் எறிந்ததைத் தற்காப்பு வீரர் இடைமறித்துப் பிடித்தால் எறிந்தவரைத் திட்டுவதா, பிடித்தவரைப் பாராட்டுவதா? அண்ணன் ஒரே மூச்சில் இரண்டையும் செய்வார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு எதிர்ப்பொருள் கொள்ள முடியும் என்றால், அது சான்றாகுமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

எண்ணிக்கையும் உதவாது. ஒரு குவார்ட்டர்பேக் அன்று 20 முறை எறிகிறார், 12 பந்துகள் சென்று சேர்கின்றன என்றால் 60 விழுக்காடு. "சுமார்" என்பார்கள். பிடிப்பவர் கையிலிருந்து நழுவிய மூன்று பந்துகள் நழுவாமல் இருந்திருந்தால் 75 விழுக்காடு. "அபாரம்" என்பார்கள். எறிந்தவர் எதையும் வேறுவிதமாகச் செய்யவில்லை. புள்ளியியல் பாடத்தில் சிறிய மாதிரிகளைப் பற்றி ஆசிரியர் எச்சரித்தது நினைவிருக்கும். அந்தப் பாடத்தில் ஏ வாங்கியவர்கள்கூட விளையாட்டரங்கில் அமர்ந்தால் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆர்ச் மேனிங்கின் கதையை எடுத்துக்கொள்வோம். அவருடைய தாத்தா ஆர்ச்சி மேனிங் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக். சித்தப்பாக்கள் பேட்டன், ஈலை இருவரும் ஆளுக்கு இரண்டு முறை சூப்பர் போல் வென்றவர்கள். இப்படிப்பட்ட குடும்பப் பெயருடன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையன், 2023 ஏப்ரலில் முதன்முறையாக வசந்தகால ஆட்டத்தில் இறங்கினார். 13 முறை எறிந்தார். ஐந்துதான் சேர்ந்தன. மொத்தம் 30 யார்டு. உயர்நிலைப் பள்ளியை விட்டு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்குள் "பெயர் மட்டும்தான் பெரிது" என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

அடுத்த ஏப்ரல், அதே அரங்கு. இம்முறை 25 முறை எறிந்ததில் 19 சேர்ந்தன. 355 யார்டு, மூன்று டச்டவுன். உடனே பேச்சு தலைகீழானது. ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த குவின் யூவர்ஸை உட்காரவைத்துவிட்டு இவரை இறக்கவேண்டும் என்று குரல் எழுந்தது. பயிற்றுவிப்பாளர் ஸ்டீவ் சார்கீசியன் அசையவில்லை. யூவர்ஸே தொடர்ந்தார், குழு தேசிய விருதுக்கான அரையிறுதி வரை சென்றது.

2025ல் மேனிங்கின் முறை வந்தது. பருவம் தொடங்குமுன் தரவரிசையில் டெக்சஸ் முதலிடம். முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ மாநிலத்திடம் 14-7 என்று தோற்றது. (அன்று எங்கள் வீட்டில் அண்ணன் கொடுத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.) மேனிங் 30 முறை எறிந்து 17 சேர்ந்தன, ஒன்று இடைமறிக்கப்பட்டது. மறுநாளே "ஏமாற்றம்", "ஊதிப் பெருக்கிய பெயர்" என்ற முத்திரைகள் மீண்டும் விழுந்தன. நவம்பர் இறுதியில், அதுவரை தோல்வியே காணாத டெக்சஸ் ஏ அண்ட் எம் குழுவை அதே மேனிங்கின் டெக்சஸ் வென்றது.

மூன்று ஆண்டுகளில் ஒரே இளையர் தோல்வி, மேதை, மோசடி, மறுபடி நம்பிக்கை என்று நான்கு முறை மாறிவிட்டார். உண்மையில் அவர் மாறிக்கொண்டிருந்தது மெதுவாக, யாரும் பார்க்காத திங்கட்கிழமைகளில். இதில் எனக்கு அதிகம் உறுத்துவது 2023ன் ஏளனம் அல்ல, 2024ன் புகழ்ச்சி. 30 யார்டு எறிந்தவரைத் திட்டியது சீக்கிரம் மறந்துபோனது. 355 யார்டு எறிந்தவரை வானத்துக்குத் தூக்கியது, அவர் முதல் ஆட்டத்தில் சாதாரண மனிதராக இருந்தபோது கீழே விழும் தூரத்தைக் கூட்டிவிட்டது.

முன்னேற்றம் என்ற சொல்லை ரசிகர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளாவது வேண்டும். அவற்றுக்கு இடையே போதுமான காலமும் வேண்டும்.

ஜோ பர்ரோவை அண்ணன் நேரில் பார்த்திருக்கிறார். 2018 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலக் குழுவின் குவார்ட்டர்பேக் இடத்துக்கு பர்ரோவும் டுவெய்ன் ஹாஸ்கின்சும் போட்டியிட்டனர். முந்தைய ஆண்டு பயிற்சியின்போது பர்ரோவின் கை எலும்பு முறிந்திருந்தது. அந்த இடைவெளியில் ஹாஸ்கின்ஸ் முன்னேறினார். நவம்பரில் பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிராக, முதல்நிலை ஆட்டக்காரர் காயமடைந்தபோது இறங்கி ஆட்டத்தை மீட்டுக் கொடுத்தார். வசந்தகால ஆட்டத்தன்று பர்ரோ நன்றாகவே ஆடினார். ஆனாலும் நிலவரம் அவருக்குப் புரிந்திருந்தது. அடுத்த மாதம் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அங்கே முதல் ஆண்டு 16 டச்டவுன் எறிந்தார். சேர்ந்த பந்துகள் 58 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மோசமில்லை, ஆனால் யாரும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. அடுத்த ஆண்டு, அதாவது 2019ல், 60 டச்டவுன். 76 விழுக்காடு. 15 ஆட்டங்களிலும் வெற்றி, தேசிய விருது, சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. 2020ல் தொழில்முறைக் குழுக்கள் ஆள் எடுத்தபோது முதல் பெயரே அவருடையது. இடையில் என்ன நடந்தது? ஜோ பிரேடி என்ற இளம் பயிற்றுவிப்பாளர் புதிய எறிமுறைத் திட்டத்துடன் வந்து சேர்ந்தார். பிடிப்பவர்கள் முதிர்ந்தார்கள். பர்ரோவும் அவர்களும் ஒருவரை ஒருவர் படித்துக்கொள்ள முழு ஆண்டு கிடைத்தது. இதில் எதுவும் ஓர் ஏப்ரல் பிற்பகலில் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"அப்படியென்றால் ஒஹாயோ தவறு செய்துவிட்டது" என்று அவசரப்படாதீர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த ஹாஸ்கின்ஸ் 2018ல் 50 டச்டவுன் எறிந்தார், குழு 14 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. (அவர் 2022ல், 24 வயதில், சாலை விபத்தில் மறைந்தார். அண்ணன் அன்று அதிகம் பேசவில்லை.) இருவருமே சிறந்தவர்கள். இடம் ஒன்றுதான் இருந்தது. ஒருவர் தேர்வானதால் மற்றவர் தகுதியற்றவர் என்று ஆகிவிடாது என்பதை ரசிகர் கூட்டத்தால் ஏனோ ஏற்கமுடிவதில்லை.

இவற்றைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே, ரசிகர்கள் பேசினால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போது நிலைமை வேறு. 2018ல் ஆட்டக்காரர்களின் இடமாற்றப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2021லிருந்து மாறியவர் ஓராண்டு காத்திராமலேயே புதிய குழுவில் ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில், மாணவர் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தி வருமானம் ஈட்டலாம் என்ற அனுமதியும் வந்தது. 2025லிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். வசந்தகால ஆட்டம் முடியும் சமயத்தில் இடமாற்ற வாயிலும் திறந்திருந்தது. சனிக்கிழமை ரசிகர்கள் "இவன் வேண்டாம்" என்று கத்தினால், அடுத்த வாரமே அவன் பெட்டியைக் கட்டலாம். வேறு குழுக்கள் கையைப் பிடித்து இழுக்கவும் செய்யலாம்.

டென்னசியில் 2025 ஏப்ரலில் நடந்தது இதன் உச்சம். ஊதியப் பேச்சு பற்றிய செய்திகளுக்கு நடுவே, முதல்நிலைக் குவார்ட்டர்பேக் நிக்கோ யாமலியாவா வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் வசந்தகால ஆட்டம். அன்றே, அவரை விட்டுவிட்டு முன்னேறப் போவதாகப் பயிற்றுவிப்பாளர் ஜோஷ் ஹைப்பல் அறிவித்துவிட்டார். அரங்கில் இருந்த ரசிகர்கள் எஞ்சிய இளம் குவார்ட்டர்பேக்குகளை உற்றுப் பார்த்து, யார் தலைமையேற்கத் தகுதியானவர் என்று விவாதித்திருப்பார்கள். பாவம்! இலையுதிர்காலத்தில் டென்னசிக்காகக் களமிறங்கிய ஜோயி அகிலார், அன்று அந்தக் குழுவிலேயே இல்லை. அவர் லாஸ் ஏஞ்சலிஸில் யுசிஎல்ஏ குழுவுடன் பயிற்சி செய்துகொண்டிருந்தார். யாமலியாவா யுசிஎல்ஏவுக்குப் போக, அகிலார் டென்னசிக்கு வந்தார். அன்று அரங்கில் எழுந்த விவாதம் முழுவதும், கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கு எழுதிய விடை.

பயிற்றுவிப்பாளர்களும் சலித்துவிட்டார்கள். 2024ல் புதுமுகம் டிலன் ராயோலாவைக் காண நெப்ராஸ்காவின் வசந்தகால ஆட்டத்துக்கு 60,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். அடுத்த ஆண்டே அதன் பயிற்றுவிப்பாளர் மேட் ரூல், வழக்கமான முறையில் அந்த ஆட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே ஒளிர்பவரை வேறு குழுக்கள் கண்வைத்துத் தூக்கிச் செல்கின்றன என்பது அவர் வருத்தம். டெக்சசும் 2025ல் தன் ஆட்டத்தை நடத்தவில்லை. ஏப்ரல் இடமாற்ற வாயிலைப் பிறகு மூடிவிட்டார்கள், இனி ஜனவரியில் மட்டும்தான். அது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால், ஆட்டமே மறைவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. இலையுதிர்கால நுழைவுச்சீட்டின் விலையைக் கொடுக்க முடியாத குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து உட்காரும் நாள் அது.

பணம் வாங்குகிறார்கள் அல்லவா, விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளட்டுமே என்பது அண்ணனின் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். கையில் பணம் வாங்கிக்கொண்டு ஆடுபவரின் ஆட்டத்தை அலசலாம், தவறை மென்மையாகச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், "இந்த எறி தவறு" என்பதும் "இவன் தேறமாட்டான்" என்பதும் ஒரே வகை வாக்கியம் அல்ல. முதலாவதைச் சரிபார்க்கலாம். இரண்டாவது வெறும் ஆரூடம், பேசுபவர் தம் அறிவைக் காட்டிக்கொள்ளப் பயன்படுகிறது, அவ்வளவே. அது தவறானால் சொன்னவருக்கு எந்தச் செலவும் இல்லை. 2018ல் பர்ரோவைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், நினைவில்லை என்பார்.

ஜேலன் ஹர்ட்ஸை அலபாமா ரசிகர்கள் அப்படித்தான் முடித்துவைத்தார்கள். 2018 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தின் பாதியில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டுவா டகோவைலோவாவை இறக்கினார்கள், குழு வென்றது. அந்த வசந்தகாலத்தில் டுவாவின் கையில் காயம், பயிற்சி ஆட்டத்தில் ஆடவே இல்லை. ஒப்பிட இரண்டாவது ஆளே களத்தில் இல்லாத ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒப்பீடு நடந்தது. ஹர்ட்ஸ் போகவில்லை. ஓர் ஆண்டு மாற்று ஆட்டக்காரராக இருந்தார். டிசம்பரில், அதே அட்லாண்டா அரங்கில், அதே ஜார்ஜியா குழுவுக்கு எதிராக டுவா காயப்பட்டபோது எழுந்து சென்று 35-28 என்று வென்று கொடுத்தார். 2025 பிப்ரவரியில் சூப்பர் போல் ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதைப் பெற்றதும் அவர்தான்.

நல்ல ரசிகப் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கும் அண்ணனே உதாரணம், தீர்ப்பை மறந்துவிட்டுப் பேசும் அபூர்வ நேரங்களில். ஒருமுறை இரவு உணவுக்குப் பிறகு, பயிற்சி ஆட்டத்தின் பதிவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எறிந்தவரின் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார். "போன வருடம் இடப்பக்கம் ஓடுபவரை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆள் மூடப்பட்டுவிட்டால் பதறுவான். இப்போது பார், இரண்டாவது ஆளுக்கு மாறுகிறான், மூன்றாவது ஆளுக்கும் மாறுகிறான். கால்களும் கண்ணோடு திரும்புகின்றன." அந்த எறி சேரவில்லை. பிடிப்பவர் தவறவிட்டார். புள்ளிவிவரத்தில் அது தோல்வி. அண்ணன் அதைத்தான் அன்றைய சிறந்த எறி என்றார்.

பிறகு இன்னொரு காட்சி. பந்து இடைமறிக்கப்பட்டது. குவார்ட்டர்பேக் தலையைத் தொங்கப்போட்டபடி ஓரத்துக்குப் போகவில்லை. தவறான திசையில் ஓடிய முதலாண்டு மாணவனிடம் சென்று, கையால் மண்ணில் கோடு போடுவதுபோல் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒலி இல்லை. அண்ணன் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"அப்போ இவன் தேறுவானா?" என்று கேட்டேன், வேண்டுமென்றே.

வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அடுத்த பந்தைப் பார்" என்று பதிவை ஓடவிட்டார்.